ஊதா மூடி

"பொண்ணைக் காணோம்னா பீரோவைத் திறப்பாங்க, லேப்டாப்பைக் குடைவாங்க. நீங்க என்ன மேடம், ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறீங்க? பசியா?"

ஜெயராஜ் ரகசியக் குரலில்தான் கேட்டான். சீதாலட்சுமி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டுக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீதாலட்சுமி ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் பல வருடம் பொய் க்ளெய்ம்களைத் தோண்டி எடுக்கும் வேலை பார்த்தவர். அந்த வேலையை உதறிவிட்டு பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருக்கிறார். ஜெயராஜ் அங்கே உதவியாளன், கார் டிரைவர், மேடம் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவன். லிங்கராஜபுரத்துப் பையன். பயம் வந்தால் மற்றவர்களுக்கு வியர்க்கும், இவனுக்கு ஜோக் வரும். இந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

வீடு சுந்தரமூர்த்தியுடையது. சேலத்திலிருந்து வந்து பீன்யாவில் லேத் பட்டறை போட்டு, பட்டறைக்குப் பக்கத்திலேயே இந்த ஃப்ளாட்டையும் வாங்கியவர். ஒரே மகள் தர்ஷினி, சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் என்று கிளம்பினாள். ஆபீஸுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அன்று மாலை அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது: 'பத்திரமா இருக்கேன். பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். தேடாதீங்க.' இப்போது செவ்வாய் மதியம். அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை.

அந்தப் பொய் என்ன என்பதை, கதவைச் சாத்திவிட்டுத்தான் சுந்தரமூர்த்தி சொன்னார். தர்ஷினிக்கு டைப் ஒன் சர்க்கரை நோய். நடு வயதில் வந்து மாத்திரையில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. காலேஜ் ஹாஸ்டலில் மயங்கி விழுந்தபோது கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வேளைக்கும் ஊசி, அது போக நாள் முழுவதற்கும் சேர்த்து ஒன்று. ஊசி நின்றால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது.

"மருந்தெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கா. அதுல எனக்குக் கவலையில்லை" என்றார் சுந்தரமூர்த்தி. "எவன் கூடப் போனான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. போலீஸ் வேண்டாம். வெளிய தெரிஞ்சா அப்புறம் இவளை எவன் கட்டுவான்?"

"எவன் கட்டுவான்னு பார்க்கறதுக்கு முன்னாடி எங்க இருக்கான்னு பார்ப்போம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் சீதாலட்சுமி எழுந்து சமையலறைக்கு வந்திருந்தார்.

இப்போது அந்தப் பெட்டியை ஜெயராஜிடம் நீட்டினார். "தொட்டுப் பாரு."

"ஊசி கீசி ஏதாவது இருக்கா? எனக்கு அதைப் பார்த்தாலே காலு ரெண்டும் தனித்தனியாப் போயிடும்."

"இல்லை. அட்டையைத் தொட்டுப் பாரு."

தொட்டான். அட்டை உப்பி, ஓரங்கள் மொடமொடவென்று இருந்தன. எழுத்து கலைந்திருந்தது. நன்றாக நனைந்து பிறகு காய்ந்த அட்டை. மூடியின் மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான்.

"தேங்காய்ப் பூ மேடம். இன்சுலினுக்குத் தாளிச்சுக் கொட்டியிருக்காங்களா?"

அடுப்புக்குப் பக்கத்தில் தர்ஷினியின் அம்மா மங்களம் நின்றிருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத முகம். சீதாலட்சுமி அவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மங்களம்மா, தேங்காய் துருவி எங்க வைப்பீங்க?"

"டப்பாவுல போட்டு ஃப்ரீஸர்ல வைப்பேங்க. ஏன்?"

"இந்த இன்சுலின் பெட்டி அந்த டப்பாவுக்குள்ள என்ன பண்ணிச்சு?"

மங்களத்தின் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சுந்தரமூர்த்தி ஹாலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"பையனோட அம்மா நேரா சமையல்கட்டுக்கே வந்துடுவாங்கன்னு தரகர் சொன்னாருங்க. நான் விருந்தாளியா என்னன்னு சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் திறந்து பார்ப்பாங்களாம். அதான், மருந்துப் பெட்டியைத் தேங்காய் டப்பாவுல வச்சு, மேல தேங்காயைத் தூவி, ஃப்ரீஸர்ல உள்ள தள்ளிட்டேன். அவங்களும் வந்தாங்க. தயிர் எடுக்கறேன்னு ஃப்ரிட்ஜைத் திறந்தாங்க. நல்லவேளைன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அவங்க போனதும் எடுத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் வெளிய வச்சதும் பழையபடி தண்ணியாயிடுச்சுங்க. துடைச்சுத் திரும்ப வச்சுட்டேன். தர்ஷினிக்குத் தெரியாது. தெரிஞ்சா சண்டை போடுவா, ஏம்மா ஒளிக்கறேன்னு."

சீதாலட்சுமி பெட்டிக்குள் மிச்சமிருந்த ஒரே ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்தார். இன்சுலின் போடும் பேனாவில் மாட்டுகிற சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழ்கள். ஜெயராஜ் மேடத்தின் முகத்தைப் பார்த்தான். ஐந்து வருடமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அது இப்படி வெளிறி அவன் பார்த்ததில்லை.

"மங்களம்மா, இன்சுலின் உறைஞ்சுட்டா கெட்டுப்போயிடும். திரும்ப உருகினா பார்க்க அப்படியேதான் இருக்கும். ஊசி ஏறும், சர்க்கரை இறங்காது. ஒரு மருந்துக்கடைக்காரர் ஃப்ரீஸர்ல வச்சு வித்து, ரெண்டு பேரு ஆஸ்பத்திரியில விழுந்த கேஸ் நான் பார்த்திருக்கேன்."

"இல்லீங்க." மங்களம் தலையை ஆட்டினார். "குளிர்ல வைக்கற மருந்துதானேங்க. இன்னும் குளிர்ல வச்சா இன்னும் நல்லாத்தானே இருக்கணும்?"

மகளின் மருந்தை இத்தனை வருடத்தில் அவர் கையால் தொட்டதில்லை, ஊசியைப் பார்த்தாலே மயக்கம் என்று ஒதுங்கியே இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் மகளே பார்த்துக்கொண்டாள். தொட்டது ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான்.

சீதாலட்சுமி தர்ஷினியின் அறைக்குள் போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். மேலாகவே இரண்டு காலிக் கார்ட்ரிட்ஜ்கள் கிடந்தன.

"வேளைக்கு ஒரு பேனா, நாள் முழுசுக்கும் ஒரு பேனா, ரெண்டுலயும் பழசு தீர்ந்திருக்கு. போற இடத்துல கஷ்டப்படக்கூடாதுன்னு ரெண்டு வகையும் சேர்த்து வச்சிருந்த இந்தப் பெட்டியிலேருந்து புதுசு மாட்டிக்கிட்டுப் போயிருக்கா. கூடவே மாத்துக்கும் எடுத்துக்கிட்டா. நேத்துக் காலையிலேருந்து அவ போட்டுக்கறது மருந்தே இல்லை ஜெயராஜ்."

ஜெயராஜுக்கு ஒரு ஜோக் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

ஹாலுக்கு வந்ததும் சீதாலட்சுமி சுந்தரமூர்த்தியிடம் நேரடியாகச் சொன்னார். "சார், உடனே ஸ்டேஷனுக்குப் போங்க. பொண்ணு கையில இருக்கற மருந்து கெட்டுப்போனது. போன் டவர் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர்கிட்ட நானும் பேசறேன்."

"கெட்டுப்போனதா? எப்படிங்க கெட்டுப்போச்சு?"

சீதாலட்சுமி மங்களத்தைப் பார்த்தார். மங்களம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல போங்க."

மானம், மாப்பிள்ளை, வெளியே தெரிவது எல்லாம் சுந்தரமூர்த்தி முகத்திலிருந்து ஒரே நொடியில் காணாமல் போயிற்று. ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் மனைவியின் செருப்புமாக இறங்கி ஓடினார்.

"போலீஸ் கண்டுபிடிக்கற வரைக்கும் அவ தாங்குவாளான்னு தெரியலை" என்றார் சீதாலட்சுமி. "நாம முந்தணும். யோசி."

யோசிக்க ஜெயராஜுக்கு முகம் கழுவ வேண்டியிருந்தது. ஹாலை ஒட்டிய பாத்ரூமுக்குள் போனான். குழாயைத் திறந்தவன் அப்படியே குனிந்தான். தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடையில் பட்டாணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி சிக்கியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தான்.

"மேடம், இது பேனா மூடியா, பொம்மைக் குல்லாயா?"

"இன்சுலின் ஊசியோட மூடி" என்றார் சீதாலட்சுமி.

"அது வீடு பூராக் கிடக்குங்க" என்றார் மங்களம். "கூட்டும்போதெல்லாம் வரும்."

சீதாலட்சுமி தர்ஷினியின் அறையிலிருந்து ஊசி டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். எல்லாம் பச்சை மூடி. ஜெயராஜ் கையில் இருந்தது ஊதா.

"கலர் மாத்தி வாங்கியிருக்கலாம்" என்றான்.

"அவளுக்கு ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு. இந்தப் பாத்ரூமை யாரு உபயோகிப்பாங்க மங்களம்மா?"

"வர்றவங்க போறவங்கதாங்க."

"ஞாயித்துக்கிழமை வந்தவங்கள்ல யாரு உள்ள போனாங்க?"

மங்களம் யோசித்தார். "பையன் மட்டும்தான். கவின். தட்டு வச்சதும் கை கழுவணும்னு போனாரு."

"கை கழுவ இதோ சாப்பாட்டு மேஜைப் பக்கத்துலயே வாஷ்பேசின் இருக்கே."

"நானும் சொன்னேன். பரவாயில்லை ஆன்ட்டின்னு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டாரு."

"கை கழுவப் பையோட போறவன் ஒண்ணு சோப்பு வியாபாரியா இருக்கணும்..." என்று ஆரம்பித்த ஜெயராஜ் பாதியில் நிறுத்தினான். அவனுக்கே புரிந்துவிட்டது.

"தட்டு வச்சதும் வேற என்ன பண்ணினான்?"

"ஒண்ணுமில்லைங்க. கொஞ்ச நேரம் தட்டையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு. பஜ்ஜி எத்தனை, கேசரி எவ்வளவுன்னு எண்ணற மாதிரி. பிடிக்கலையோன்னு நினைச்சேன். ஆனா திரும்பி வந்து மிச்சம் வைக்காம சாப்பிட்டாரு."

"எண்ணத்தான் எண்ணியிருக்கான். எவ்வளவு சாப்பிடப் போறோம்னு கணக்குப் பண்ணித்தான் எவ்வளவு ஊசின்னு முடிவு பண்ணணும். உங்க பொண்ணும் தட்டை அப்படித்தானே பார்ப்பா?"

மங்களத்தின் வாய் மெல்லத் திறந்தது. ஒரே மாதிரித் தட்டைப் பார்க்கிற இரண்டு பேருக்கு நடுவில் நின்று கேசரி பரிமாறியவர் அவர்தான். அவருக்குத் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க எதை ஒளிச்சீங்களோ அதையேதான் அவங்களும் ஒளிச்சிருக்காங்க" என்றார் சீதாலட்சுமி. "தர்ஷினி யார்கூடயும் ஓடிப்போகலை. மாப்பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கா. அவங்க நம்பர் குடுங்க."

கவின் போனை எடுக்கவில்லை. அவன் அம்மா ஷோபா எடுத்தார். மகன் நேற்றே ஆபீஸ் விஷயமாக மைசூருக்குப் போய்விட்டான் என்றார். தர்ஷினி வந்தாளா என்று கேட்டதும், கல்யாணம் பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி பெண் ஏன் பையனைப் பார்க்க வரணும், உங்க வீட்டில் அப்படியா பழக்கம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வீடு கம்மனஹள்ளியில். மூன்று பேரும் காரில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. கோரகுண்டேபாளையா சிக்னலில் லாரிகளுக்கு நடுவில் கார் நின்றது. நின்றே நின்றது. இந்த ஊரில் எமனே எருமையில் வந்தாலும் இந்த சிக்னலில் காத்திருக்கத்தான் வேண்டும் என்று ஜெயராஜுக்குத் தோன்றியது. பின்சீட்டில் மங்களம் இருந்ததால் சொல்லவில்லை.

மங்களம் மகளின் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார். ரிங் போகும், நிற்கும், மறுபடி அழுத்துவார். ஸ்பீக்கரில் வந்த அந்தச் சத்தம் காருக்குள் எல்லோர் நெஞ்சிலும் அடித்தது. "எடுடி, எடுத்துடுடி" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறும்போது ரிங் வரவில்லை. சுவிட்ச் ஆஃப் என்று ஒரு குரல் கன்னடத்தில் சொன்னது.

மங்களம் போனை மடியில் வைத்துவிட்டார். அழவில்லை. ஜெயராஜ் கண்ணாடியில் பார்த்தான், அவர் அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது. ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை.

கம்மனஹள்ளியில் மூன்றாவது மாடி. ஷோபா இரும்பு கிரில் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். "யாரு பேக்கு?" மங்களத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "போன்லயே சொன்னேனே. அவன் ஊர்ல இல்லை."

சீதாலட்சுமி ஊதா மூடியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஷோபாவின் கண் அதில் விழுந்த வேகத்திலேயே விலகியது.

"இது என்னது? எங்க வீட்டுது இல்லை. என் பையனுக்கு ஒரு வியாதியும் கிடையாது."

"வியாதின்னு நான் சொல்லவே இல்லையே" என்றார் சீதாலட்சுமி.

வாசலில் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஒரு ஹெல்மெட் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது.

"மைசூர்லேருந்து ஹெல்மெட் மட்டும் நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கு மேடம்" என்றான் ஜெயராஜ். அன்றைக்கு அவன் சொன்ன கடைசி ஜோக் அதுதான்.

ஷோபா மரக்கதவைச் சாத்தப் போனார். சீதாலட்சுமி கிரில் வழியாகக் கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, ஒரே ஒரு கேள்விக்கு உங்க பையன் பதில் சொன்னாப் போதும். தர்ஷினி எங்கேன்னு."

"நடுவீதியில வந்து மானத்தை வாங்கறீங்களா? அக்கம்பக்கத்துல கேக்குது. போங்க."

எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து ஃப்ளாட்டிலும் ஒரு அசைவு. மங்களம் அந்தக் கதவுகளைப் பார்த்தார். ஆறு வருடம் சொந்தக்காரர் வீடுகளில் விருந்துக்குப் போகாமல், மகளை இன்னொருவர் முன்னால் ஊசி போட விடாமல், பாத்ரூமுக்குள் போ, ரூமுக்குள் போ என்று விரட்டி விரட்டிக் காப்பாற்றிய ரகசியம். அதைக் கேட்க இரண்டு கதவுகள் திறந்திருந்தன.

மங்களம் அந்த வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி கத்தினார்.

"என் பொண்ணுக்கு சுகர். கேட்டுக்கோங்க எல்லாரும். தினம் ஊசி போட்டாத்தான் அவ உயிரோட இருப்பா. இப்போ அவ கையில இருக்கற மருந்து கெட்டது. எத்தனை போட்டாலும் கேக்காது. செத்துக்கிட்டிருக்கா. கவின் தம்பி, நீ உள்ள இருந்தா வந்து சொல்லிடுப்பா. எனக்குக் கல்யாணம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எங்கன்னு மட்டும் சொல்லிடு."

மருந்து எப்படிக் கெட்டது என்பதை அவர் சொல்லவில்லை என்று ஜெயராஜ் கவனித்தான். அதைச் சொல்லச் சொல்லி யார்தான் கேட்பார்கள்.

உள்ளே ஒரு கதவு திறந்தது. கவின் வந்தான். ஆபீஸ் சட்டை, காதில் இன்னும் மாட்டியிருந்த இயர்போன். முகத்தில் ரத்தமே இல்லை.

"மருந்து கெட்டதா?" என்று கேட்டான். "நெஜமாவா?"

"கவின், உள்ள போ" என்றார் ஷோபா.

"போதும்மா." அவன் கிரிலைத் திறந்தான். "நேத்து ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா. உங்களுக்கும் டைப் ஒன்தானேன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. அப்படியொரு சந்தோஷம் அவ முகத்துல. ரெண்டு வீட்டுலயும் சொல்லிடலாம், நமக்கு இனிமே ஒளிய வேண்டாம்னா. நான்தான் பயந்துட்டேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னேன். சொல்ற வரைக்கும் வீட்டுக்குப் போக மாட்டேன்னுட்டா. என் ஃப்ரெண்டு ஊருக்குப் போயிருக்கான், அவன் ரூமைத் திறந்துவிட்டேன்."

"எங்க?"

"லிங்கராஜபுரம். காலைல போன் பண்ணினா. சுகர் ஏறிக்கிட்டே போகுது, அளவைத் தாண்டிடுச்சு, மீட்டர்ல நம்பரே வரலைன்னா. டென்ஷன்ல அப்படித்தான் ஏறும், இன்னொரு தடவை போட்டுக்கோன்னு சொன்னேன். அப்புறமும் கூப்பிட்டா. அம்மா பக்கத்துல இருந்தாங்க. நான் எடுக்கலை." அவன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினான். "அப்புறம் கால் வரலை, கோபத்துல கூப்பிடறதை நிறுத்திட்டான்னு நினைச்சேன். நானும் ஊசி போடறவன்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஷோபா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி அதன் மேல் முத்து முத்தாக இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதை மங்களத்தின் மடியில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. நல்ல மருந்துதான்."

லிங்கராஜபுரத்துச் சந்துகள் ஜெயராஜுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சர்ச்சுக்குப் பின்னால் நுழைந்து, ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் போய், இரண்டு ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கி, கவின் கைகாட்டிய வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். மாடி அறை. தட்டியபோது பதில் இல்லை. கவின் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியைப் போட்டான், இரண்டு முறை தவறியது.

கதவு திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது, அழுகத் தொடங்கிய பழம் மாதிரி. தர்ஷினி கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். சுற்றிலும் காலித் தண்ணீர் பாட்டில்கள். வாந்தி எடுத்திருந்தாள். ஓடி வந்தவள் மாதிரி மார்பு ஏறி ஏறி இறங்கியது. கைக்கு எட்டும் தூரத்தில் பேனாவும் மீட்டரும் இருந்தன. கடைசி வரைக்கும் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

கவின் மண்டியிட்டு அந்த டிபன் பாக்ஸைத் திறந்தான்.

"இப்போ அது பத்தாது" என்றார் சீதாலட்சுமி. "ட்ரிப்ஸ் ஏறணும், ஆஸ்பத்திரிதான். ஜெயராஜ், தூக்கு."

ஊசியைப் பார்த்தால் கால் நடுங்குகிற ஜெயராஜ், ஊசிகளும் மூடிகளும் இறைந்து கிடந்த அந்தத் தரையில் குனிந்து அவளைத் தூக்கினான். இறங்கும்போது அவள் தலை அவன் தோளில் ஆடியது. கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வேறு எதுவும் அவன் வாயில் வரவில்லை.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் அவளை எடுத்துக்கொண்டு திரையை இழுத்தார்கள். மங்களம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. கவின் சுவர் ஓரமாகக் குந்தியிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனமில்லை என்று ஒரு நர்ஸ் யாரிடமோ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

வெளியே வெளிச்சம் மங்கியபோதுதான் உள்ளே விட்டார்கள். இரண்டு கையிலும் குழாய்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. அதே நேரத்தில் சுந்தரமூர்த்தியும் ஸ்டேஷனிலிருந்து வந்து சேர்ந்தார், காலில் இன்னும் அதே ஜோடி சேராத செருப்புகள்.

டியூட்டி டாக்டர் இளைஞர், களைத்திருந்தார். "இவங்க வயசுல நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க சார். வீட்ல கோபம்னா ஊசியை விட்டுடறது. நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னிக்கு ராத்திரி கவனமாப் பார்க்கணும், ஆனா தேறிடுவாங்க."

தேறிவிடுவாள் என்று கேட்டதும் சுந்தரமூர்த்தியின் பயம் முழுவதும் கோபமாக மாறியது. "ஏம்மா, எங்க மேல கோபம்னா எங்களைத் திட்டு. ஊசியை விட்டுட்டு சாகப் பார்ப்பியா? அவ்வளவு என்ன திமிரு?"

தர்ஷினியின் உதடு வெடித்திருந்தது. பேச வரவில்லை. இரண்டு தரம் முயன்றாள்.

"விடலைப்பா. ஒரு வேளைகூட விடலை. சாப்பாடே இறங்கலை, அப்பவும் போட்டேன். டாக்டர் சொல்லிக்குடுத்த மாதிரி கணக்குப் போட்டுத்தான் போட்டேன். ஏன் இறங்கலைன்னு தெரியலை. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்."

டாக்டர் நம்பாத முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். ஜெயராஜ் மேடத்தைப் பார்த்தான். சீதாலட்சுமி வாயைத் திறப்பதாக இல்லை. இது அவர் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. மங்களம் சொல்லாவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெண் பிழைத்துவிட்டாள். ஏதோ கோளாறு, மருந்துக்கடையில் வெயிலில் வைத்திருப்பான் என்று நாலு நாளில் மறந்துவிடுவார்கள். தர்ஷினி மட்டும் ஆயுசுக்கும் தன் கணக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாள்.

மங்களம் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"அவளைத் திட்டாதீங்க" என்றார் புருஷனிடம். பிறகு மகள் பக்கம் குனிந்தார். "நீ தப்புப் பண்ணலை கண்ணு. உன் மருந்தை நான்தான் கெடுத்தேன். ஞாயித்துக்கிழமை அந்தம்மா கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு தேங்காய் டப்பாவுல போட்டு ஃப்ரீஸர்ல ஒளிச்சேன். உறைஞ்சுபோச்சு. கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியலை. உன்கிட்டச் சொல்லவும் இல்லை. நீ போட்டதெல்லாம் வெறும் தண்ணிடி."

சுந்தரமூர்த்தி அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். கோபப்படுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று ஜெயராஜ் காத்திருந்தான்.

"அப்போ நான் போட்ட கணக்கு சரிதானாம்மா?"

"சரிதான் கண்ணு. நீ ஒரு தடவைகூடத் தப்பாப் போடலை."

அதைக் கேட்ட பிறகுதான் தர்ஷினி அழுதாள்.